வந்துட்டேன் என்றால் வரவில்லை

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன மனிதருக்கு அதன்பிறகு தங்கச்சியோடு பேச்சு இல்லை. பெண்டாட்டியோடு பேச்சு உண்டு. ஆனால் பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

டிரைவர்கள் அவரைப் பொறுமை என்று கூப்பிடுவார்கள். வண்டியை அவ்வளவு நிதானமாக ஓட்டுவார். மற்றபடி அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

அப்பா ஒற்றை லாரியில் ஆரம்பித்த கம்பெனி அது. இன்றைக்கும் அப்பா பெயரில்தான் ஓடுகிறது. எல்லா வண்டிக்கும் பச்சைப் பெயிண்ட், கதவில் அப்பா பெயர். பொறுமை ஸ்டியரிங்கைப் பிடித்தார். தங்கச்சி ஆபீசைப் பிடித்தாள். இரண்டுக்கும் நடுவில், டெலிபோன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் அவர் பெண்டாட்டி. டிரைவர், கிளீனர், சரக்கு அனுப்புகிறவர், வாங்குகிறவர் எல்லோருக்கும் அவள் அண்ணி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது காலியாகத் திரும்புகிறது, அதற்கு வழியில் எங்கே லோடு பிடிக்கலாம் என்பதெல்லாம் அவள் காது வழியாகப் போய் வாய் வழியாகத்தான் வரும்.

அந்த நாற்காலி இப்போது காலி. தங்கச்சி ஒரு மெஷினைக் கொண்டுவந்துவிட்டாள். மெஷின் என்றால் கையால் தொட்டுப் பார்க்கிற மெஷின் இல்லை. எங்கேயோ இருந்துகொண்டு, எந்தக் கடையில் எது தீரப் போகிறது, எந்த ரோட்டில் நெரிசல், மழை வருமா, எந்த வண்டி எந்தக் கேட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு பண்ணும். டிரைவர்களுக்குப் போனும் அதுவே பண்ணும், பெண் குரலில். "வணக்கம். தாங்கள் தற்போது எங்கே இருக்கிறீர்கள்?" இந்தத் 'தாங்கள்' தாங்காமல்தான் டிரைவர்கள் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தார்கள்.

பொறுமைக்கு மகாராணியைக் கண்டால் ஆகாது. முகம் தெரியாதவளிடம் நான் இருக்கும் இடத்தை எதற்குச் சொல்லவேண்டும் என்பார்.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. வண்டி எங்கே என்று அது மகாராணிக்குக் காட்டிக்கொடுக்கும். பொறுமையின் வண்டியில் அது கெட்டுப்போய்க் கொஞ்ச நாளாகிறது. சரிபண்ணச் சொல்லித் தங்கச்சி ஆள் மேல் ஆள் விட்டாள். இவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டி செத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். பெட்டி பேசாத வண்டியை மகாராணி போன் போட்டுத்தான் கேட்கும். டிரைவர் சொல்வதை அப்படியே நம்பும். வேறு வழி இல்லை அதற்கு.

அன்று காலை குளிர்க் கிடங்கில் மருந்து லோடு. சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற ஊசி மருந்து. குளிரிலேயே இருக்கவேண்டிய சாமான். பொறுமை அப்போது டயர்க் கடையில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் டீ. போன் அடித்தது.

"தாங்கள் தற்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார். வைத்துவிட்டார். மிச்ச டீயையும் ஆற அமரக் குடித்தார்.

இதில் பொய் என்ன இருக்கிறது? இந்தத் தொழிலில் வந்துட்டேன் என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். கிளம்பிட்டேன் என்றால் சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்துலதான் இருக்கேன் என்றால் ஊருக்குள்ளேயே நுழையவில்லை. இதோ என்றால் நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. மனசு வந்து சேர்ந்துவிட்டது, வண்டி பின்னால் வருகிறது, கவலைப்படாதே என்கிற தைரியம்தான் அது. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும்.

மகாராணிக்குத் தெரியாது.

பொறுமை கிடங்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கேட்டு திறக்கவில்லை. ஹாரன் அடித்தார். காவல்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, திரையைப் பார்த்து, வண்டி நம்பரைப் பார்த்து, மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வண்டி உள்ளதான் நிக்குதாம்."

"எந்த வண்டி?"

"இதே வண்டி. அப்பவே வந்துருச்சாம். உள்ள இருக்கிற வண்டிக்குக் கேட்டைத் தொறக்க முடியாதுங்குது."

"உள்ள இருக்கிற வண்டி வெளிய எப்படிய்யா நிக்கும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்ற பட்டன் இல்லை இதுல."

சிரிப்பு வருகிற விஷயம்தான். ஆனால் உள்ளே நடந்தது சிரிப்புக்குரியதில்லை. கிடங்கிலும் மகாராணி ஆட்சிதான். வண்டி வந்துவிட்டது என்று அது சொன்னதும், குளிர் அறைக் கதவு தானாகத் திறந்து, பெட்டிகள் தானாக நகர்ந்து, லோடு ஏற்றும் மேடைக்கு வந்து வரிசையாக நின்றுவிட்டன. லாரி வரும் வரும் என்று வெயிலில் காத்துக்கொண்டு நின்றன. ஆட்கள் பார்த்துப் பதறி உள்ளே தள்ளுவதற்குள், முன்வரிசைப் பெட்டிகளில் ஒட்டியிருந்த, சூட்டைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளைத் தாள் ஊதாவாகிவிட்டது. ஊதாவாகிவிட்டால் அந்த மருந்து குப்பைக்கு. மிச்சத்தை வேறொரு லாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

காவல்காரர் இதைச் சொன்னதும் பொறுமை ஹாரனிலிருந்து கையை எடுத்தார். எவனோ ஒருத்தன் ஊசியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பான். கடைக்காரன் நாளைக்கு வா என்பான். டயர்க் கடையில் ஆற அமரக் குடித்த டீ ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம் காவல்காரர் இன்னொன்றும் சொன்னார். இந்த வண்டிக்கும் இந்த டிரைவருக்கும் இனிமேல் இந்த வாசல் திறக்காது என்று திரை சொல்கிறதாம். சாயங்காலம் மேனேஜர் கூப்பிடும்வரை நிற்கச் சொன்னார்களாம். தங்கச்சிக்கும் தகவல் போய்விட்டதாம்.

இந்த வாசல் மூடினால் வண்டி எங்கே போகும்? கம்பெனியின் மற்ற லோடுகளுக்கெல்லாம் புது வண்டிகள் ஓடுகின்றன. பழைய வண்டிக்கென்று மிஞ்சியிருந்தது இந்தக் கிடங்கு ஒன்றுதான். இதுவும் போனால் ஷெட்டில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்தால் பெண்டாட்டியோடு என்ன பேசுவது?

வண்டியை ஓரமாக நிழலில் நிறுத்திவிட்டு சீட்டிலேயே சாய்ந்தார். கண்ணை மூடினால் அந்த டெலிபோன் அறை வந்து நின்றது.

சுருட்டை வயர் வைத்த கறுப்புப் போன். தலைக்கு மேலே கிரீச் கிரீச் என்று ஒரு விசிறி. பெண்டாட்டி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வேறு வேலை பார்ப்பாள். இவர் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பூத்துக்குள் நுழைந்து, பின்னால் நிற்கிறவன் கண்ணாடியைத் தட்டத் தட்டப் பேசுவார். லோடு இறக்கியாச்சா என்பாள். ஆச்சு என்பார். சாப்டீங்களா என்பாள். ஆச்சு என்பார். ரிட்டர்ன் இருக்கு, இன்ன இடத்துல போய் நில்லுங்க என்பாள். சரி என்பார். அவ்வளவுதான். அவர்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் அப்படித்தான்.

பையன் பிறந்த சமயம் அந்த நாற்காலியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடம் முடித்த வயசு. 'அண்ணா, பையன் பொறந்திருக்கான், திரும்பி வரும்போது சிமெண்ட் லோடு இருக்கு, விட்டுடாதே' என்று ஒரே மூச்சில் சொன்னாள். இவர் சிமெண்ட்டோடுதான் போய்ப் பையனைப் பார்த்தார். சட்டையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது என்று யாரும் குழந்தையைக் கையில் கொடுக்கவில்லை. தங்கச்சிதான் ஒரு பழைய துண்டை அவர் மடியில் விரித்து, அதன்மேல் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தப் பையன் அந்த டெலிபோன் மேஜைக்கடியில்தான் தவழ்ந்தான். அவன் முதல்முதலில் வாய் திறந்து பேசியதையும் இவர் போனில்தான் கேட்டார். அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. 'லோடு' என்றான்.

வந்துட்டேன் என்று இவர் சொன்னால் பெண்டாட்டி மறு கேள்வி கேட்கமாட்டாள். அந்த 'ட்டே'யை இவர் எவ்வளவு இழுக்கிறார் என்று பார்த்து அடுப்பை மூட்டுவாள். எப்போதும் சரியாக இருக்குமா என்றால் இருக்காது. ஒரு தடவை இன்னொரு டிரைவர் சொன்ன வந்துட்டேனை நம்பி, தக்காளியை இறக்கச் சந்தைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். ஆள் வந்து நின்றான், தக்காளி வரவில்லை. மறுநாள் வந்தது சாறாகத்தான். மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மனுஷக் காதும் தப்பும். ஆனால் தப்பினால் திட்டலாம், அழலாம், மறுநாள் மறக்கலாம். மகாராணியைத் திட்டினால் 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்கிறது.

இப்போது அவள் போன் பண்ணுவதில்லை. பண்ண வேலை இல்லை. மத்தியானம் ஆனால் புடவையை மாற்றிக்கொண்டு எங்கேயோ போகிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புகிறாள். எங்கே என்று கேட்டால் சும்மா என்கிறாள். ஆஸ்பத்திரியாக இருக்குமோ, ஏதாவது வியாதியை மறைக்கிறாளோ என்று பொறுமைக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டே இருந்தது. தங்கச்சியைக் கேட்டார். அவள் 'அண்ணிகிட்டயே கேளு' என்றாள். அதற்குத்தான் போன வாரம் தட்டைத் தள்ளினார்.

சாயங்காலம் மேனேஜர் அறைக்குத் தங்கச்சியும் அண்ணியும் சேர்ந்தே வந்தார்கள். அறை ஜில்லென்று இருந்தது. மேனேஜர் சின்ன வயசு. கழுத்தில் அட்டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். பாவம், அவனும் தூங்கி நாளாகியிருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரை அமுக்கினான். பொறுமையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. வந்துட்டேன், வந்துட்டேன். பின்னால் டயர்க் கடையில் காற்று இறங்குகிற சத்தம்.

"நீங்களே சொல்லியிருக்கீங்க சார். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை."

"வந்துட்டேன்னுதான் தம்பி சொன்னேன். வந்து சேந்தாச்சுன்னு சொல்லலையே."

மேனேஜர் தங்கச்சியைப் பார்த்தான். தங்கச்சி தரையைப் பார்த்தாள். மகாராணியைக் கூட்டி வந்தவள் அவள். இங்கே அண்ணனை விட்டுக்கொடுத்தால் வீட்டுக்குள் நுழைய முடியாது, மகாராணியை விட்டுக்கொடுத்தால் கிடங்குக்குள் நுழைய முடியாது. ஆனாலும் அவள்தான் பேசினாள். அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்றாள். பெட்டியைச் சரிபண்ணாமல் விட்டது தன் பொறுப்பு என்றாள். அது அவள் பொறுப்பில்லை. யார் தப்பு என்று அவளுக்கும் தெரியும், பொறுமைக்கும் தெரியும்.

மேனேஜர் நிலவரத்தைச் சொன்னான். மெஷின் பூட்டிய கேட்டைத் திறக்க அவனால் முடியும். ஆனால் அடுத்த தடவை ஏதாவது ஆனால் அவன் கழுத்துக்குத்தான் கத்தி. எதை நம்பித் திறப்பது என்று கேட்டான்.

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. முகத்தைப் பார்த்தாலே வீட்டுப் போன் என்று தெரிந்தது. எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருப்பதை மறந்து, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"கிளம்பிட்டேம்மா. வழியிலதான் இருக்கேன். இதோ, வந்துட்டேன்."

போனை வைத்தான்.

முதலில் சிரித்தது அண்ணி. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் தங்கச்சி. கடைசியில் மேனேஜரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்துவிட்டான். பொறுமை மட்டும் சிரிக்கவில்லை. ஊதாத் தாள் ஒட்டிய பெட்டிகளை வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்திருந்தார். மேனேஜர் வீட்டுக்குச் சொன்னது பொய்யில்லை என்பது எவ்வளவு நிச்சயமோ, அந்த மருந்து குப்பைக்குப் போனதும் அவ்வளவு நிச்சயம்.

"பெட்டியைச் சரிபண்ணாம விட்டது நான்தான்" என்றார். "பாப்பா மேல தப்பில்லை."

இத்தனை நாளில் தங்கச்சியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அதுவும் அவளிடம் இல்லை, மேனேஜரிடம்.

மேனேஜர் யோசித்தான். பெட்டி பழுது பார்க்கிறவன் வரும்வரை டிரைவர் போனை எடுக்கக் கூடாது, வண்டி ஓட்டும்போது எடுப்பதும் சரியில்லை, இருக்கும் இடத்தை உள்ளபடி சொல்கிற ஓர் ஆள் எடுத்தால் கேட்டைத் திறக்கிறேன் என்றான். அந்த வந்துட்டேன் விவகாரத்தை மெஷின்காரர்களுக்கும் எழுதிப் போடுகிறேன் என்றான். அவர்கள் வேறு ஊர், வேறு பாஷை. எழுதினால் புரியுமோ என்னவோ என்று அவனே சொல்லிக்கொண்டான்.

தங்கச்சி முகம் தெளிந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு வருகிற போனை ஆபீசுக்குத் திருப்பிவிடலாம், அண்ணி பழையபடி நாற்காலிக்கு வந்துவிடலாம், அந்தச் சுருட்டை வயர் போனைக்கூட மேஜைமேல் எடுத்து வைக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பொறுமைக்கு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. மறுபடியும் அந்தக் குரல். சாப்டீங்களா. ஆச்சு.

"நாற்காலியில உக்கார மாட்டேன்" என்றாள் அண்ணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"உக்காந்தது போதும் பாப்பா. வண்டியில வேணா ஏறுறேன்."

அன்று சாயங்காலமே ஒரு சின்ன லோடு இருந்தது. ஏறினாள். முப்பது வருஷம் லாரிக்காரன் பெண்டாட்டி, லாரியில் ஏறத் தெரியவில்லை. எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று தடுமாறினாள். கீழே நின்ற பொறுமைக்கும் எங்கே பிடித்து ஏற்றுவது என்று தெரியவில்லை. கிளீனரை ஏற்றிவிடுகிற மாதிரி பின்னால் ஒரு தள்ளு தள்ள முடியுமா? கடைசியில் காவல்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

ஊரைத் தாண்டும்வரை அவள் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மகாராணி ஒரு தடவை கூப்பிட்டது. பெட்ரோல் பங்கைத் தாண்டி, செங்கல் சூளைக்கு எதிரே, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அழகாகச் சொன்னாள். மகாராணி நன்றி சொன்னது. இவளும் நன்றி சொன்னாள்.

அப்புறம் தானாகவே ஆரம்பித்தாள்.

"நான் மத்தியானம் எங்க போறேன்னு கேட்டீங்கல்ல. பஸ்ல போறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்லை. ஏதாவது ஒரு பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வரேன். அத்தனை ஊருக்கு வண்டி அனுப்பினேன். ஒரு ஊரையும் பாத்ததில்லை."

பொறுமைக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆஸ்பத்திரி இல்லை. வியாதி இல்லை. பஸ். சிரிக்கலாம் என்று பார்த்தார். அவள் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை.

ரயில் பாலத்துக்கு அடியில் வண்டி நெரிசலில் ஊர்ந்தது. போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் ஒன்றொன்றாக அணைந்தன. பாலத்துக்கு அடியில போன் கட்டாயிடுச்சு என்று டிரைவர்கள் சொன்னபோதெல்லாம் புளுகுகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"முந்தாநாள் போன பஸ், ஊருக்கு வெளிய ஒரு பெரிய மைதானத்துக்கிட்ட நின்னுச்சு. உள்ள பாப்பா நின்னுக்கிட்டிருந்தா. கூட நாலஞ்சு பேர். இந்த மேனேஜர் தம்பியும் இருந்தான். ஒரு லாரி தானா சுத்தி வந்துச்சு. தானா ரிவர்ஸ் எடுத்துச்சு. பாப்பா என்னைப் பாக்கலை."

"தானா ஓடுற வண்டி இப்ப எல்லா எடத்துலயும் பாக்கறாங்க. அதுக்கென்ன."

"அதுல சீட்டு இல்லைங்க. முன்னாடி கண்ணாடிகூட இல்லை. மூஞ்சி வழுவழுன்னு மூடியிருந்துச்சு."

"சீட்டு இல்லையா? அப்ப டிரைவர் எங்க உக்காருவான்?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பாலம் முடிந்து வெளிச்சம் வந்தது. போனில் கோடுகள் மறுபடியும் ஏறின.

கொஞ்ச தூரம் வண்டி ஓடியது. லாரிக்காரனுக்குப் புது வண்டி என்றால் கேட்கத் தோன்றுகிற கேள்வி ஒன்று உண்டு. வேண்டாம் என்று நினைத்தும் அது வாயில் வந்துவிட்டது.

"என்ன கலரு?"

"பச்சை" என்றாள். "நம்ம பச்சை. பக்கத்துல, கதவு இருக்கவேண்டிய எடத்துல, மாமா பேரை எழுதியாச்சு."